இரண்டாம் பதிப்பு

ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூல் 1858இல் லண்டனில் வெளிவந்தது. அதிலுள்ள 363 படங்களை வரைந்தவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர் என்ற இளம் மருத்துவர். நூல் வந்த மூன்றாம் ஆண்டே கிரே பெரியம்மை கண்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 34. கார்ட்டர் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து பம்பாய்க்கு வந்து, தொழுநோய் ஆராய்ச்சியில் மூழ்கிவிட்டார். ஆக்கிய இருவரும் விலகிய பிறகும் நூல் நிற்கவில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி, வெட்டியும் ஒட்டியும் திருத்தப்பட்டு, 2020இல் 42ஆம் பதிப்பைக் கண்டது.

அந்த நூல் 1872இலேயே தமிழில் அச்சேறிவிட்டது. பெயர் 'மனுஷ அங்காதிபாதம்'. மூலத்துக்கும் தமிழுக்கும் இடையில் 14 ஆண்டுதான். இன்று வெளிவரும் ஓர் ஆங்கில மருத்துவப் பாடநூல் 14 ஆண்டுக்குள் தமிழில் கிடைக்குமா என்று மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் யாரைக் கேட்டாலும் சட்டென்று 'கிடைக்கும்' என்று சொல்லமாட்டார். மூலநூல் 42 பதிப்புகளைத் தாண்டி வந்த காலத்தில் தமிழ்நூல் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அறிவியல், பொறியியல், மருத்துவத் துறைகளில் தமிழில் வந்த பாடநூல்களின் வரலாற்றை எந்தப் பத்தாண்டில் திறந்து பார்த்தாலும் இந்தக் கதைதான் வேறு பெயர்களோடு திரும்ப வருகிறது. தமிழில் கலைச்சொல் இல்லை, அதனால் நூல் இல்லை என்று ஒரு சாரார் நூறு ஆண்டாகச் சொல்லிவருகிறார்கள். சொல் இருக்கிறது, மனம்தான் இல்லை என்று மறுசாரார் பதில் சொல்கிறார்கள். இரண்டு பேச்சிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் நூல்களை வரிசையாக எடுத்துவைத்துப் பார்க்கும்போது என் கண்ணில் படுவது வேறொன்று. தமிழில் முதல் பதிப்புக்கு ஆள் இருந்திருக்கிறது, பணம் இருந்திருக்கிறது, சொல்லும் இருந்திருக்கிறது. திருத்திய இரண்டாம் பதிப்புக்குப் பெரும்பாலும் யாரும் இருந்ததில்லை.

மானிப்பாயிலிருந்து தொடங்குவோம். சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரில் பிறந்தவர். 1847இல் அமெரிக்க மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் தம் மருத்துவமனையை அமைத்துக்கொண்டார். 1857இல் ஊர் திரும்பி, 1862இல் மீண்டும் வந்து, 1873வரை இருந்தார். அவரிடம் அறுபதுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் மருத்துவம் படித்து வெளியேறினார்கள். முதலில் படித்தவர்கள் ஆங்கிலத்தில் படித்தார்கள். 1864இலிருந்து வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். மொத்த மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழில் அறுவை மருத்துவமும் மகப்பேறும் கற்றவர்கள்.

வகுப்பு இருந்ததால் நூல் வேண்டியிருந்தது. இந்த வரிசையை நன்றாக மனத்தில் கொள்ளவேண்டும். நூலை எழுதி வைத்துக்கொண்டு அவர் மாணவரைத் தேடவில்லை. கட்டர் என்பவரின் உடற்கூற்று, உடலியங்கியல் நூல் முதலில் தமிழுக்கு வந்தது. மான்செலின் மகப்பேற்று நூல் 1857இல் 'பிரசவ வைத்தியம்' ஆயிற்று. துருவிட்டின் அறுவை மருத்துவ நூல் 1867இல் 'இரண வைத்தியம்' என வந்தது. கிரே வந்த 1872ஆம் ஆண்டே ஹூப்பரின் மருத்துவக் கைந்நூல் 'வைத்தியாகரம்' என்ற பெயரில் வெளியானது. வெல்ஸின் வேதியியல் நூல் 1875இலும், டால்டனின் உடலியங்கியல் 'மனுஷ சுகரணம்' என்று 1883இலும் வந்தன. எல்லாம் சேர்ந்து நான்காயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கும். ஒரு மருத்துவர் தம் வகுப்பின் தேவைக்காக, அக்காலத்து அச்சுக்கூட வசதிகளை நம்பிச் செய்த வேலை இது.

மொழிபெயர்ப்பின் முதல் படியைப் பல நூல்களுக்கு எழுதியவர்கள் அவருடைய மாணவர்களே. மிஷன் பள்ளிகளின் வழக்கப்படி டான்வோர்த், சாப்மன் என்று அமெரிக்கப் பெயர் பூண்ட யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் அவர்கள். காலையில் நோயாளியின் புண்ணைக் கட்டிய கை மாலையில் அந்தப் புண்ணைப் பற்றிய அத்தியாயத்தை எழுதியது. ஒரு சொல் வகுப்பில் விளங்கவில்லை என்றால் மறுநாளே தெரிந்துவிடும். கிறீனின் சொல்லாக்க முறையும் தெளிவானது. தமிழில் மக்களிடமும் வைத்தியர்களிடமும் வழங்கும் சொல்லை முதலில் தேடவேண்டும். கிடைக்காவிட்டால் வடமொழிக்குப் போகலாம். அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைத்து எடுத்துக்கொள்ளலாம். வேதியியல் நூலுக்கு 'கெமிஸ்தம்' என்று பெயர் வைத்தது மூன்றாம் வழியில். இன்று அந்தச் சொல் நம் காதுக்கு வினோதமாகப் படலாம். அது பழகியிருந்தால் படாது. 'மோட்டார்' யார் காதையும் உறுத்துவதில்லை.

பழக அது விடப்படவில்லை. கொழும்பில் 1870இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது. அரசு வேலைக்குப் போகும் வழி அந்தப் பள்ளியின் வாசல் வழியாகப் போயிற்று. இக்கரையில் சென்னை மருத்துவப் பள்ளி 1835இல் தொடங்கியபோதே ஆங்கிலத்தில் நடந்தது. மானிப்பாய் வகுப்பு தமிழை விட்டதும் நூலுக்கு வாசகர் இல்லாமல் போனார்கள். வாசகர் இல்லாத பாடநூலை யார் திருத்துவார்கள்?

ஜப்பானை இங்கே கொண்டுவருவது உயர்த்திப் பேசுவதற்கு அல்ல. ஒரே வேலை இரண்டு இடங்களில் இரண்டு விதமாக முடிந்ததைப் பார்ப்பதற்கு. சுகிதா கென்பாக்குவும் நண்பர்களும் டச்சு மொழியில் கிடைத்த குல்முஸின் உடற்கூற்று நூலை 1774இல் 'கைதாய் ஷின்ஷோ' என்று வெளியிட்டார்கள். டச்சு அவர்களுக்கு அரைகுறை. பிழைகள் நிறைய. நரம்புக்கு அவர்கள் உண்டாக்கிய 'ஷின்கெய்' என்ற சொல்லை இன்றும் ஜப்பானிய மருத்துவர்கள் சொல்கிறார்கள். சொல் பிழைத்ததற்குக் காரணம் அதன் அழகு மட்டும் என்று நான் நம்பவில்லை. சுகிதாவின் மாணவர் ஓட்சுகி கென்டாக்கு ஆசிரியரின் நூலை மறுபடி எடுத்துத் திருத்தினார். அந்தத் திருத்திய பதிப்பு 1826இல் வெளிவந்தது. அரை நூற்றாண்டு கழித்து ஒரு மாணவர் தம் ஆசிரியரின் பிழைகளைத் திருத்தி அச்சிட்டிருக்கிறார். கிறீனின் வரிசையில் அந்த மாணவர் வரவில்லை.

சொல்லாக்கக் குழுக்களின் வரலாற்றை விரைவாகக் கடந்துவிடலாம். அதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வேங்கடசுப்பையரும் சேர்ந்து அறிவியல் சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டு இதழும் நடத்தினார்கள். 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் மாநாடு கூட்டிப் பட்டியல் வெளியிட்டது. 1940இல் சீனிவாச சாஸ்திரி தலைமையில் அமைந்த அரசுக் குழு வடமொழிச் சொற்களை நிறைத்தபோது தமிழறிஞர்கள் எதிர்த்தார்கள். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த கலைக்களஞ்சியம் இந்தச் சொற்களுக்குக் கிடைத்த முதல் பெரிய பயிற்சிக்களம். கோவையிலிருந்து ஜி.ஆர். தாமோதரன் நடத்திய 'கலைக்கதிர்' இன்னொன்று. இவற்றில் எழுதியவர்களின் உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். பட்டியலில் இருக்கும் சொல் விதை நெல் மாதிரி. பாடநூல் என்ற வயலில் போட்டு, தேர்வு என்ற தண்ணீரைப் பாய்ச்சினால்தான் முளைக்கும்.

அந்த வயல் 1960களில் உண்மையாகவே திறந்தது. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்புச் சோதனை தொடங்கிற்று. கோத்தாரிக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு, மாநில மொழிகளில் பல்கலைக்கழகப் பாடநூல் வெளியிட ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கோடி ரூபாய் தருவதாக மத்திய அரசு முன்வந்தது. அன்றைய ஒரு கோடி சாதாரணத் தொகை அல்ல. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970களில் நூற்றுக்கணக்கான கல்லூரி நூல்களை வெளியிட்டது. வெப்ப இயக்கவியல், கரிம வேதியியல், தாவர உள்ளமைப்பியல், புள்ளியியல் என்று ஒரு முழுப் பல்கலைக்கழகத்துக்கான வரிசை அது. பல கல்லூரி நூலகங்களில் அவை இன்றும் இருக்கின்றன. பழுப்புத் தாள், தடித்த எழுத்து, கடைசியில் கலைச்சொல் பட்டியல். சிலவற்றை நான் முழுவதும் படித்திருக்கிறேன். நல்ல ஆசிரியர் எழுதிய நூல் எது, காலக்கெடுவுக்காக ஆங்கில நூலை வாக்கியம் வாக்கியமாக மாற்றிய நூல் எது என்று பத்துப் பக்கத்துக்குள் தெரிந்துவிடுகிறது. நல்ல நூல்கள் கணிசமாகவே உண்டு. இரண்டு வகையும் ஒரே கதியை அடைந்தன. அறிவியல் மாணவர்கள் ஆங்கில வழிக்கே போனார்கள். முதல் அச்சு விற்றுத் தீரவில்லை. தீராத நூலுக்கு மறுபதிப்பு கேட்க எவருக்கும் தோன்றவில்லை. அண்மை ஆண்டுகளில் இவற்றை மின்னாக்கம் செய்து இணையத்தில் வைத்திருப்பது நன்றிக்குரிய பணி. ஆயினும் 1974இன் மரபியல் நூலை அப்படியே படமெடுத்துத் தந்தால் வரலாற்று மாணவருக்குத்தான் அது பயன்படும், மரபியல் மாணவருக்கு அல்ல.

ஐதராபாத்தில் இதைவிடப் பெரிய அளவில் நடந்தது. உஸ்மானியா பல்கலைக்கழகம் 1918இல் உருதுவைப் பயிற்று மொழியாகக் கொண்டு தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே மொழிபெயர்ப்பு நிலையம் ஒன்றை நிறுவி, நூல்களை ஆயத்தம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். மருத்துவமும் பொறியியலும் உருதுவில் கற்பிக்கப்பட்டன. ஒரு தலைமுறை மருத்துவர்கள் உருதுவில் படித்துத் தொழில் செய்தார்கள். 1948இல் நிஜாம் ஆட்சி முடிந்தது, பயிற்று மொழி மாறிற்று, நூல்கள் நின்றுபோயின. இந்திய மொழியில் உயர் மருத்துவம் முடியாது என்று சொல்பவர்கள் இந்த முப்பது ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள். நூல் அச்சிட்டால் போதும் என்று சொல்பவர்களும் அதைப் படிக்கவேண்டும்.

தமிழுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம்மிடம் இரண்டு அறிவியல் தமிழ் இருக்கிறது. இலங்கையில் 1950களின் பிற்பாதியிலிருந்து அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொல் தொகுதிகளை வெளியிட்டு, பள்ளியில் உயர்தர அறிவியல் வகுப்புவரை தமிழில் நடத்த வழிசெய்தது. தமிழ்நாடு தனி வழியில் போயிற்று. விளைவை ஓர் எளிய இயற்பியல் பாடத்தில் பார்க்கலாம். திசையோடு சேர்த்துச் சொல்லும் விரைவை, அதாவது வெலாசிட்டியை, தமிழ்நாட்டுப் பாடநூல் 'திசைவேகம்' என்கிறது; இலங்கைப் பாடநூல் 'வேகம்' என்கிறது. திசை பாராத விரைவு தமிழ்நாட்டில் 'வேகம்', இலங்கையில் 'கதி'. ஆக, 'வேகம்' என்ற ஒரே சொல் பாக் நீரிணையின் இரு கரைகளில் இரண்டு வெவ்வேறு அளவுகளைக் குறிக்கிறது. முடுக்கம் அங்கே ஆர்முடுகல். ஆற்றல் அங்கே சக்தி. திறன் அங்கே வலு. அழுத்தம் அங்கே அமுக்கம். ஆக்சிஜன் ஒட்சிசன், ஹைட்ரஜன் ஐதரசன். பொறியியலில் பொருள்களின் வலிமையைப் படிக்கும்போது நாம் 'தகைவு, திரிபு' என்பதை அவர்கள் 'தகைப்பு, விகாரம்' என்கிறார்கள்.

இவற்றில் பல வெறும் பெயர் வேறுபாடு, பழகிவிட்டால் போகும். மருத்துவத்தில் இது வெறும் பெயர் வேறுபாடாக நிற்பதில்லை. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாயைத் தமிழ்நாடு 'தமனி' என்றும், திரும்பக் கொண்டுவருவதைச் 'சிரை' என்றும் எழுதுகிறது. இலங்கையில் அவை 'நாடி', 'நாளம்'. தமிழ்நாட்டில் 'இரத்த நாளம்' என்றால் எந்த இரத்தக் குழாயும் ஆகலாம். மதுரையில் எழுதிய ஒரு முதலுதவிக் கையேட்டை வவுனியாவில் ஒருவர் கவனமாகப் படித்தால், அவருடைய கவனமே அவரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். இந்த முரண்களைத் தீர்க்க உலகத் தமிழ் மாநாட்டுத் தீர்மானங்கள் வேண்டாம். இரு நாட்டு மாணவர்களுக்கும் ஒரே நூலை ஆயத்தம் செய்யும் ஒரு சிறு பதிப்புக் குழு போதும். ஒவ்வொரு அத்தியாயத்திலும் இரு சொல்லையும் ஒரே வரியில் வைத்து எழுதினால் அடுத்த பதிப்புக்குள் எது நிலைக்கும் என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள். இலங்கைப் பள்ளிப் பாடநூல்களை ஒரு காரணத்துக்காக நான் மதிக்கிறேன். பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் அவை திருத்தப்படுகின்றன. அதனால்தான் 'ஆர்முடுகல்' என்ற சொல் யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் வாயில் தடையின்றி வருகிறது.

பொறியியலுக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் ஆகிய இரு துறைகளில் தமிழ்வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. 2023இல் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் இந்த வகுப்புகளை நிறுத்துவதாக அறிவிப்பு வந்து, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. நூல் ஏன் வேர்விடவில்லை என்பதைத் தமிழ்வழி சிவில் மாணவர் ஒருவரின் மேசையைப் பார்த்தால் புரியும். கான்கிரீட் வடிவமைப்புக்கு அவர் தமிழில் ஒரு பாடநூல் வைத்திருக்கலாம். கணக்கைத் தொடங்கியதுமே ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர நிர்ணய நூலைத் திறந்தாக வேண்டும். எந்தச் சூழலில் கம்பிக்கு மேல் எவ்வளவு கான்கிரீட் மூடியிருக்கவேண்டும், எந்தக் கலவைக்கு எவ்வளவு சிமென்ட் குறையாமல் போடவேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. எஃகு என்றால் ஐ.எஸ். 800. அவர் கையிலிருப்பது ஆங்கிலப் படி. வரைபடமும் ஆங்கிலத்தில். ஒப்பந்தப் புள்ளியும் ஆங்கிலத்தில். பாடநூலை மட்டும் தமிழாக்குவது, வீட்டின் நடு அறையை மட்டும் கட்டிவிட்டுக் குடிபோகச் சொல்வது போலத்தான். தர நிர்ணய நூலைத் தமிழில் தராத எந்தத் திட்டத்தையும் பொறியியல் தமிழ் என்று நான் ஏற்கமாட்டேன்.

இன்னொரு பக்கம், யாரும் கொண்டாடாத ஒரு வெற்றி கிண்டியில் இருக்கிறது. ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான நூல்களை வெளியிடும் தேசியப் பயிற்று ஊடக நிறுவனம் 1986இல் ஜெர்மனியின் உதவியோடு அங்கே தொடங்கியது. ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீசியன் பிரிவுகளுக்கான அதன் தமிழ் நூல்கள் பாடத்திட்டத்தோடு மாறி மாறி வருகின்றன. காரணம் எளிது. ஐ.டி.ஐ. மாணவர்களில் பெரும்பாலோர் தமிழில் படிக்கிறார்கள், தமிழில் தேர்வு எழுதுகிறார்கள். அந்த நூல்களின் நடையில் குறை சொல்ல நிறைய இருக்கிறது. பட்டறையில் 'கடைசல்' என்று சொல்வதை, கொத்தனார் 'ரசமட்டம்', 'மூலைமட்டம்', 'தூக்குக்குண்டு' என்று சொல்வதைப் பாடநூல் எழுதுகிறவர்கள் எல்லா நிலைகளிலும் இன்னும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். குழு உட்கார்ந்து உண்டாக்காத சொற்கள் இவை. கட்டடத்தின் மேல் நின்று உண்டான சொற்கள்.

இரண்டாம் பதிப்பு உண்டென்று காட்ட இன்னொரு நூல் இருக்கிறது. வைத்தியரத்தினம் க.ச. முருகேச முதலியாரின் 'குணபாடம்', மூலிகை வகுப்பு. 1936இல் வந்தது. தாவரத்தின் பெயர், அதன் வேறு பெயர்கள், சுவை, தன்மை, செய்கை, பயன்படும் உறுப்பு என்று ஒழுங்காக அடுக்கிய உண்மையான பாடநூல். பாளையங்கோட்டையில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கிய பிறகு மாணவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டே படித்தார்கள். இந்திய மருத்துவத் துறை மறுபடி மறுபடி அச்சிட்டிருக்கிறது. சித்த மருத்துவத்தின் ஒவ்வொரு கூற்றையும் நான் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஒரு பாடநூல் எப்படி உயிரோடு இருக்கும் என்பதற்கு இது சாட்சி. கல்லூரி இருக்கிறது, தேர்வு இருக்கிறது, படித்தவர் அந்தத் தொழிலையே செய்கிறார். மானிப்பாயில் கிறீன் அமைத்த அதே மூன்று கால்கள்.

மருத்துவப் பணியின் அன்றாடம் வேறு ஒரு தமிழில் நடக்கிறது. அரசு மருத்துவமனை வார்டில் டிரிப்ஸ் ஏற்ற வந்த செவிலியர், "நரம்பு கிடைக்கலைம்மா, கையை நல்லா இறுக்கி மூடுங்க" என்கிறார். அவர் தேடுவது சிரையை. பாடநூலின் 'நரம்பு' மூளையிலிருந்து செய்தி கொண்டுபோவது. ஊரார் பேச்சில் தோலுக்கடியில் பச்சையாகத் தெரியும் குழாயும் நரம்புதான். செவிலியர் இரண்டையும் அறிந்தவர். நோயாளிக்கு விளங்கும் சொல்லைத் தேர்ந்துகொள்கிறார். பக்கவாதம் வந்தவரிடம் 'நரம்புத் தளர்ச்சி' என்றும் 'நரம்பு அடைப்பு' என்றும் ஒரே மூச்சில் பேசும்போது குழப்பம் வருகிறது. ஒரு நல்ல தமிழ்ப் பாடநூல் இந்தக் குழப்பத்தை முதல் அத்தியாயத்திலேயே எடுத்துப் பேசவேண்டும். நான் பார்த்த நூல்களில் சொல்லை வரையறுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வார்டில் அந்தச் சொல் என்ன பாடுபடும் என்று எழுதுவதில்லை.

மாறாக 'பனிக்குடம்' என்ற சொல்லைப் பாருங்கள். கிராமத்து மருத்துவச்சி சொன்னது, பேறுகால வார்டில் செவிலியர் சொல்வது, பாடநூலில் அச்சானது எல்லாம் ஒன்றே. 'நஞ்சுக்கொடி', 'தொப்புள்கொடி' அப்படியே. மகப்பேற்றில் தமிழ் இவ்வளவு வளமாக இருப்பது அந்த வேலையைத் தமிழ்ப் பெண்கள் தமிழில் பேசியே தலைமுறை தலைமுறையாகச் செய்ததால்தான். கிராம சுகாதார செவிலியருக்கான பயிற்சிக் கையேடுகளில் வரும் தமிழ் பல்கலைக்கழக நூல்களின் தமிழைவிடத் தெளிவாக இருப்பதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். டேவிட் வெர்னர் மெக்சிகோ மலைக்கிராமங்களுக்காக எழுதி, உலக மொழிகள் பலவற்றில் பரவிய 'டாக்டர் இல்லாத இடத்தில்' போன்ற நூல்களை இந்த வரிசையில் வைத்துப் படிக்கவேண்டும். புண்ணை எப்படிக் கழுவுவது, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்பும் சர்க்கரையும் எவ்வளவு கலப்பது என்று சொல்லும் நூலில் ஒரு சொல் பிசகினாலும் உயிர் போகும்.

சொல் பிசகினால் என்ன ஆகும் என்பதை நீதிமன்றம்வரை போன ஒரு வழக்கு காட்டியது. 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்தது என்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு வந்தது. வினாவுக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் தர நீதிமன்றம் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் பின்னர் அந்த ஆணையை ரத்து செய்தது. சட்டம் எப்படி முடிந்தாலும், பள்ளிப் பாடநூலில் ஒரு சொல், தேர்வுத்தாளில் இன்னொரு சொல் என்று சந்தித்த அந்தப் பிள்ளைகளின் நிலையை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. கலைச்சொல் அகராதிகள் குவிந்து கிடக்கும் மொழியில் இது நடந்தது. எந்தச் சொல் நடப்பிலிருக்கிறது என்பதைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒருவர் அந்த மேசையில் இல்லை.

மொழிபெயர்ப்பாக இல்லாமல் நேராக எழுதப்படும் முதல்நூல் பற்றியும் பேசவேண்டும். சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணிசெய்த ஆ. இலட்சுமணசாமி முதலியார் 1938இல் மகப்பேறு பற்றி ஓர் ஆங்கிலப் பாடநூல் எழுதினார். கிருஷ்ண மேனன் பின்னர் இணை ஆசிரியரானார். இந்தியா முழுதும் மருத்துவ மாணவர்கள் அதைப் படித்தார்கள். முதலியார் மறைந்த பிறகும் புதிய பதிப்பாசிரியர்கள் திருத்தித் திருத்தி வெளியிட்டுவருகிறார்கள். அந்த நூலின் பலம் எழும்பூர் வார்டு. அங்கே வந்த பெண்களின் உடல்நிலை, அவர்களின் இரத்தசோகை, அவர்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த நேரம் எல்லாம் அதற்குப் பின்னால் நிற்கின்றன. தமிழ்ப் பெண்களின் பேறுகாலத்திலிருந்து பிறந்த பாடநூல் ஆங்கிலத்தில் பிறந்தது. அதற்காக முதலியாரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர், அவருடைய வாசகர் லாகூரிலும் இருந்தார். ஆனால் தமிழில் நாம் செய்துவருவது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் நூலைப் பெயர்ப்பதுதான். பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், விவசாய மருந்து குடித்தவரைக் காப்பாற்றுவது பற்றி நம் மாவட்ட மருத்துவமனைகளில் நிறைந்த அனுபவம் இருக்கிறது; மேலைநாட்டு நூல்களில் இவை சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும். இவற்றைப் பற்றித் தமிழில் முதல்நூல் எழுத நம் மருத்துவர்களைவிடத் தகுதியானவர் வேறெங்கே இருக்கிறார்?

அண்மையில் மீண்டும் அலை எழுந்திருக்கிறது. 2021இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பொறியியல் கற்பிக்க அனுமதித்து, கணினி மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு நூல்களை வெளியிட்டுவருகிறது. 2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசம் முதலாண்டு மருத்துவ நூல்களை இந்தியில் வெளியிட்டது. அவற்றில் ஆங்கிலச் சொற்களே தேவநாகரியில் நிறைந்திருந்தன. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகமும் மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்க முனைந்தது. அந்தத் திட்டத்தில் கிரேயின் பெயர் தாங்கிய மாணவர் நூலும் உண்டு. 1872க்குப் பிறகு சரியாக ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் கிரே மறுபடி தமிழின் வாசலில் நிற்கிறார்.

கணினி இன்று ஓர் அத்தியாயத்தைச் சில நிமிடங்களில் தமிழாக்கித் தரும். முதல் படிக்கு அது உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் படி என்றைக்குமே நம் குறை அல்ல. மருத்துவ நூலின் மொழிபெயர்ப்பு உரிமை பெரும்பாலும் குறிப்பிட்ட பதிப்புக்கே கிடைக்கும். மூலத்தில் புதிய பதிப்பு வந்தால் புதிய ஒப்பந்தம் வேண்டும், புதிய பணம் வேண்டும், மாறிய பக்கங்களை மட்டும் அடையாளம் கண்டு மாற்றத் தெரிந்த ஒருவர் வேண்டும். மருந்தளவு மாறியிருக்கும். இரத்த அழுத்தத்துக்கான வரம்பு மாறியிருக்கும். பழைய தமிழ்ப் பதிப்பை நம்பிய மாணவர் பழைய அளவையே கொடுப்பார். திருத்தம் நின்றுபோன பாடநூல் நூலகத்தில் இருந்தால் அது ஆபத்து.

கிறீன் 1873இல் கப்பலேறி வூஸ்டர் திரும்பியபின் அவருக்குத் தமிழ்ப் பாடநூல்களால் ஆகவேண்டியது எதுவுமில்லை. இருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்து கையெழுத்துப் படிகள் அவருக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வரிசையைச் சேர்ந்த 'இந்து பதார்த்த சாரம்' என்ற நூல் வெளிவந்த 1884ஆம் ஆண்டிலேயே அவர் இறந்தார். அவர் செய்த வேலைக்கு நம் அரசு அலுவலகங்களில் பதவிப் பெயர்கூட இல்லை. நூல் வெளியான மறுநாளிலிருந்து பிழைகளைச் சேகரிப்பது, வகுப்பெடுக்கும் ஆசிரியர்களிடம் ஆண்டுக்கு ஒருமுறை கேட்பது, மாணவர் எந்தச் சொல்லை விட்டுவிட்டார் என்று குறித்துவைப்பது, மூலம் மாறியதும் மாறிய பக்கங்களைத் தமிழில் வெளியிடுவது. இதற்கு ஒரு நூலுக்கு ஒரு பதிப்பாசிரியர், ஐந்தாண்டு நியமனம், மாதச் சம்பளம் போதும். புதிதாக வரும் கிரேயின் தமிழ் நூலில் மொழிபெயர்ப்பாளர்களின் பெயருக்குக் கீழே அவருடைய பெயரும், பிழை கண்டால் எழுதவேண்டிய முகவரியும் அச்சாகியிருக்கவேண்டும்.